சனிவார் வாடாவின் பேய்க்கதையில் நாராயணராவ் ஏன் சிறுவனாகிவிட்டார்?

கீழைக்காற்று:

புனே நகரின் நடுவே நிற்கும் சனிவார் வாடா கோட்டையைப் பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது ஒரே கதைதான். பௌர்ணமி இரவுகளில் அதன் மதில்களுக்குள்ளிருந்து ஒரு சிறுவன் "காகா, மலா வாச்வா" என்று, அதாவது "சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கதறும் குரல் கேட்குமாம். பதவி ஆசை பிடித்த சித்தப்பா, ஓலையில் ஓர் எழுத்தை மாற்றிய சித்தி, வெட்டுப்பட்ட பிள்ளை என்று மூன்றே பாத்திரங்களோடு கதை முடிந்துவிடுகிறது. காணொளிகளில் இதைச் சொல்பவர்கள் அந்தப் பிள்ளையின் வயதை ஆளுக்கு ஆள் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

கொல்லப்பட்ட நாராயணராவ் 1755 ஆகஸ்டில் பிறந்தவர். 1773 ஆகஸ்ட் 30 அன்று அவர் கொலையுண்டபோது 18 வயது நிறைந்திருந்தது. மணமானவர், மனைவி கங்காபாய் அப்போது கருவுற்றிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்தான் அன்றைய மராட்டிய அரசின் பேஷ்வா, அதாவது அரசரின் பெயரால் ஆட்சியை நடத்திய தலைமை அமைச்சர். பொறுப்பேற்று ஒன்பது மாதம் நிறையவில்லை என்றாலும், தெற்கே துங்கபத்திரை வரையும் வடக்கே மாளவம் வரையும் செல்லும் ஆணைகளுக்கு அவர் பெயரில்தான் முத்திரை விழுந்தது.

அந்த நிலைமை எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1761 ஜனவரியில் பானிபட் போரில் மூத்த அண்ணன் விஸ்வாசராவ் மாண்டார். அந்தச் செய்தியின் பாரம் தாங்காமல் தந்தை பாலாஜி பாஜிராவ் அதே ஆண்டு ஜூனில் இறந்தார். 16 வயதில் பேஷ்வாவான இரண்டாம் அண்ணன் மாதவராவ், சிதைந்துபோன அரசை நிமிர்த்திவிட்டு, காசநோய்க்கு ஆளாகி 1772 நவம்பரில் 27 வயதில் கண்மூடினார். இந்தப் பதினொரு ஆண்டுகளும் தந்தையின் தம்பியான ரகுநாதராவ், "எனக்கு வரவேண்டிய இடம் இது" என்று முரண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். மாதவராவை எதிர்த்துப் படை திரட்டி, 1768இல் தோடப் கோட்டையருகே தோற்றுப் பிடிபட்டு, சனிவார் வாடாவிலேயே காவலில் வைக்கப்பட்டார். மாதவராவின் இறுதி நாட்களில் ஏற்பட்ட சமாதானம் அதிக நாள் நீடிக்கவில்லை. நாராயணராவ் 1773 ஏப்ரலில் அவரை மறுபடியும் அதே மாளிகைக்குள் காவலில் வைத்தார்.

பேய்க்கதையில் முற்றிலும் விடுபட்டுப்போவது இந்தக் கடைசிச் செய்திதான். கார்திகள் எனப்பட்ட கூலிப்படைக் காவலர்கள் சம்பளப் பாக்கி கேட்பதாகச் சொல்லிக்கொண்டு வாளோடு உள்ளே புகுந்தபோது, நாராயணராவ் ஓடிச்சென்று கட்டிப்பிடித்தது தாம் சிறைவைத்திருந்த மனிதரை. அது இரவும் அன்று. விநாயகர் விழா நடந்துகொண்டிருந்த நாட்களில், வளர்பிறைத் திரயோதசியன்று, பட்டப்பகலில், மதிய உணவு வேளையில் நடந்தது. தலைவனின் மேல் விழுந்து தன் உடம்பால் மறைத்த சாபாஜி டிலேகர் என்ற ஊழியரும் அவரோடு சேர்த்து வெட்டப்பட்டார்.

பட்டப்பகலில் ஓர் ஆட்சியாளர் தம் கைதியின் காலடியில் கொல்லப்பட்ட நிகழ்ச்சி, நிலவொளியில் ஒரு குழந்தை அழும் கதையாக ஏன் மாறியது என்பதே என் கேள்வி. குழந்தையென்று ஆக்கிவிட்டால் அதன்பின் அரசியல் எதையும் கேட்க வேண்டியதில்லை, இரக்கப்பட்டால் போதும். இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஊர்சுற்றி:

சில ஆண்டுகள் புனேவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அரண்மனையைப் பார்க்கலாம் என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அங்கே அரண்மனை என்று எதுவும் இல்லை. வெளி மதிலும் ஒன்பது கொத்தளங்களும் ஐந்து வாயில்களும் நிற்கின்றன. உள்ளே புல்தரையும், இடுப்பளவுகூட உயராத கல் அடித்தளங்களும், வறண்ட நீரூற்றுத் தொட்டிகளும்தான். வடக்கு நோக்கிய தில்லி தர்வாசா என்ற வாயில் மட்டும் பழைய மிடுக்கோடு இருக்கிறது. அதன் கதவுப் பலகை ஒவ்வொன்றிலும் ஓர் அடி நீள இரும்பு முட்கள் 72 பதித்திருக்கிறார்கள். கீழே மனிதன் கைபடும் உயரத்தை விட்டுவிட்டு, போர் யானையின் நெற்றி வந்து மோதும் உயரத்தில் அவை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கதவைக் கடந்ததும் வழி நேரே போகாமல் சட்டென்று வலப்புறம் திரும்பும். பாய்ந்துவரும் படையின் வேகத்தைக் குறைப்பதற்கான ஏற்பாடு அது. வெளிப்பகைவனுக்கு இவ்வளவு யோசித்த கோட்டைக்குள் கொலைகாரர்கள் காவலர்களாகவே இருந்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும்.

கொலை நடந்த இடம் எது என்று கேட்டால் ஆளுக்கு ஓர் அடித்தளத்தைக் காட்டுவார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது தெற்கு மதிலில் உள்ள நாராயண் தர்வாசா ஒன்றுதான். வெட்டுண்ட உடலை அவ்வழியாக வெளியே கொண்டுபோனதால் அந்தப் பெயர் வந்தது என்பது ஊரறிந்த செய்தி. அன்றிரவே ஆற்றங்கரையில் தகனமும் முடிந்துவிட்டது.

பழஞ்சுவடி:

கீழைக்காற்று அவர்களே, நீங்கள் தந்த வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. முடிவில்தான் உடன்பட முடியவில்லை. இந்தப் பேய்க்கதை அரசியலை அழித்துவிட்டது என்கிறீர்கள். என் பார்வையில், குற்றவாளி தப்பிவிடாமல் பிடித்துவைத்ததே அந்தக் கதைதான்.

அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். "காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக அலறவில்லை. கொலைகாரர்களின் பெயரையும் சொல்லவில்லை. "காகா" என்று உறவைச் சொல்லி அழைக்கிறது. கொலை நடந்த சில வாரங்களுக்குள் மராட்டிய அரசர் இருந்த சதாராவிலிருந்து பேஷ்வாவுக்குரிய உடைகளைப் பெற்றுக்கொண்டு ரகுநாதராவ் பதவியில் அமர்ந்தார். ஆட்சியே அவர் கையில் இருந்தபோது, கொலையைப் பற்றி வாய்திறந்து பேச நகரத்தில் எத்தனை பேருக்குத் துணிவு இருந்திருக்கும்? "சித்தப்பாதான்" என்று தெருவில் நின்று சொல்ல முடியாதவர்கள், "இரவில் ஒரு குரல் சித்தப்பாவை அழைக்கிறது" என்று சொல்லலாம். கதை எப்போது தோன்றியது என்பதற்கு என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் அதன் உள்ளமைப்பு ஒரு குற்றச்சாட்டின் அமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

துணிந்து பேசிய ஒருவரும் இருந்தார். தலைமை நீதிபதி ராமசாஸ்திரி பிரபுணே விசாரணை நடத்தி, ஏறத்தாழ 50 பேரைக் குற்றத்தில் பங்குள்ளவர்கள் என்று கண்டறிந்தார். பிறகு ரகுநாதராவின் முகத்துக்கு நேராகவே கேட்டார். அண்ணன் மகனைப் பிடித்து வைக்கத்தான் ஆணையிட்டேன், கொல்லச் சொல்லவில்லை என்று ரகுநாதராவ் ஒப்புக்கொண்டதாகவும், இதற்குப் பரிகாரம் என்னவென்று கேட்டபோது "உங்கள் உயிர்தான்" என்று சாஸ்திரி விடையளித்ததாகவும் மராட்டியர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் பதவியை உதறிவிட்டுப் புனேவை விட்டே வெளியேறினார். நடப்பு ஆட்சியாளரைக் கொலைக் குற்றவாளி என்று அவருடைய நீதிபதியே தீர்த்துச் சொன்ன நிகழ்ச்சிகள் நம் நாட்டு வரலாற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். காணொளிக்காரர்கள் விட்டுவிட்டதற்காக வருந்த வேண்டுமானால் இதற்காக வருந்தலாம்.

வைகறைவாசகி:

குற்றச்சாட்டைப் பாதுகாத்தது என்கிறீர்கள், சரி. ஆனால் இன்று அந்தக் குற்றச்சாட்டு யார் தலையில் இறங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது கதை கேட்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் பெயர் ரகுநாதராவ் அன்று. அவருடைய மனைவி ஆனந்திபாய்.

கதைப்படி, "நாராயணராவை தராவே" என்று, அதாவது பிடித்து வையுங்கள் என்று ரகுநாதராவ் எழுதிக் கொடுக்கிறார். ஆனந்திபாய் "த" இருந்த இடத்தில் "மா" போட்டு "மாராவே" என்று திருத்திவிடுகிறாள். பொருள் "கொன்றுவிடுங்கள்" என்றாகிவிடுகிறது. எழுத்தில் மோசடி செய்வதற்கு மராத்தியில் இதிலிருந்தே ஒரு வழக்குத்தொடர் உருவாகும் அளவுக்கு இந்தக் காட்சி நிலைத்துவிட்டது. இன்றைய வழிகாட்டிகள் தேவநாகரியில் எழுதிக் காட்டி, ஒரு கோட்டை மாற்றினால் போதும் என்று விளக்குகிறார்கள். பேஷ்வா அலுவலகத்தின் எழுத்து வேலை மோடி என்ற தொடரெழுத்து வடிவில் நடந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனக்குள்ள அடிப்படைச் சந்தேகம் வேறு. பிடித்து வைக்க வேண்டியவர்கள், ஓலையில் ஓரெழுத்து மாறியதால் தடுமாறிக் கொன்றுவிட்டார்கள் என்றால், சாபாஜியை ஏன் வெட்டினார்கள்? குறுக்கே வந்த ஊழியர்களையும் பணிப்பெண்களையும் ஏன் வெட்டினார்கள்? ஒரு பசுகூட அன்று வெட்டுப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். சம்பள ஆர்ப்பாட்டம் என்ற போர்வையில், ஆவணி மாத மதியத்தில், வாயில்களைத் தங்கள் வசப்படுத்திக்கொண்டு வந்தவர்களுக்கு என்ன செய்ய வந்திருக்கிறோம் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்கு ஓலையும் வேண்டாம், ஓலையைத் திருத்த ஒரு பெண்ணும் வேண்டாம்.

ஆனந்திபாய்க்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கணவர் காவலில் இருந்தபோது அவருக்காகத் திட்டமிடக்கூடிய கூர்மை அவருக்கு இருந்தது. ஆனால் எழுத்தை மாற்றிய கதையால் ஆதாயம் யாருக்கு என்று கேட்டால் விடை எளிது. "நான் சொன்னது வேறு, நடந்தது வேறு" என்று ரகுநாதராவ் தப்பிக்க வழி கிடைக்கிறது. வீட்டில் ஆண் செய்த பாவத்துக்குப் பெண்ணின் பெயரைச் சூட்டுவது நமக்கும் புதிதில்லை.

பழஞ்சுவடி:

வைகறைவாசகி அவர்கள் சொன்னதில் பொருள் இருக்கிறது. இருந்தாலும் குரல் இன்றும் "காகா" என்றுதான் அழைக்கிறது, சித்தியைக் குறிக்கும் "காகூ" என்று அழைக்கவில்லை என்பதைப் பதிவுசெய்துகொள்கிறேன். ஓலைக் கதையும் குரல் கதையும் ஒரே வாயில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்பட்டாலும், அவை இரண்டும் ஒரே தரப்பிலிருந்து பிறந்தவை அல்ல. முதலாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாக்குமூலம். இரண்டாவது கொலையுண்டவரின் வாக்குமூலம்.

அரசலாற்றான்:

எல்லோரும் அரச குடும்பத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வாளைப் பிடித்திருந்த கைகளைப் பற்றியும் சிறிது பேசலாம்.

கார்திகள் என்பது ஒரு சாதியின் பெயரோ ஊரின் பெயரோ அன்று. ஐரோப்பிய முறையில் அணிவகுத்துத் துப்பாக்கி பிடிக்கப் பழகிய கூலிக் காலாட்படையினரை மராட்டியர்கள் அப்படி அழைத்தார்கள். கர்நாடகப் போர்களின்போது பிரெஞ்சுக்காரர்கள் நம் பகுதியில் உள்நாட்டு வீரர்களைப் பழக்கிக் காட்டிய முறை, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையோடு தக்காணத்துக்குப் போனது. அவரிடம் பயின்ற இப்ராகிம் கான் கார்தி பிறகு பேஷ்வாவிடம் வந்துசேர்ந்து, பானிபட்டில் மராட்டியர்களுக்காகப் பீரங்கிகளை நடத்திப் பிடிபட்டு உயிர்விட்டார். அவர் காட்டிய விசுவாசத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த வகைப் படையின் அடித்தளமே மாதச் சம்பளம்தான். பரம்பரை நிலமோ, குலத்தொடர்போ, ஊர்ப்பற்றோ இல்லாத வீரர்களை அரண்மனை வாயிலில் நிறுத்திவிட்டு, கருவூலம் காலியான காலத்தில் சம்பளத்தையும் நிறுத்திவைத்தால் அந்த வாயில் யாருக்கு முதலில் திறக்கும்?

சுமேர் சிங், கரக் சிங், முகமது யூசுப் ஆகியோர் கார்திகளின் தலைவர்களாக இருந்து நடத்தினார்கள். அரண்மனை ஊழியரான துளாஜி பவார் உள்ளிருந்து கைகொடுத்தார். பணமும் கோட்டைகளும் தருவதாக அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழஞ்சுவடி அவர்கள் குறிப்பிட்ட அந்த 50 பேர் பட்டியலில் கார்திகள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலே; எஞ்சியோர் பெரும்பாலும் பேஷ்வாவின் சொந்தச் சமூகத்தையும் அரண்மனை வட்டத்தையும் சேர்ந்த ஆட்கள். வெளியூர்க் கூலிப்படை செய்த கொடுமை என்று கதை சொல்வது நகரத்துக்கு வசதியாக இருந்திருக்கிறது.

அன்று காலையிலேயே ஆபத்து வருகிறது என்று நாராயணராவுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. அவர் அதைத் தளபதி ஹரிபந்த் படகேயிடம் சொல்லி, காவலை மாற்றியமைக்கும்படி பணித்தார். படகே விருந்துண்ணப் போனார். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பேய் என்று ஒன்று இருந்தால் அது சித்தப்பாவை மட்டும் அழைப்பானேன் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நிலவறை:

நீண்ட நாட்களாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்; ஒரு கேள்விக்காக எழுதுகிறேன். பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் போக விருப்பமில்லை. ஆனால் அதே மாளிகையில் இன்னொரு பேஷ்வாவும் துர்மரணம் அடைந்திருக்கிறார். நாராயணராவின் மகன் சவாய் மாதவராவ் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவருக்கு இருபத்தொரு வயதுதான். நம் ஊர் வழக்கப்படி, ஆவியாக அலைய வேண்டும் என்றால் அவருக்கும் முழுத் தகுதி இருக்கிறது. அவருடைய குரல் கேட்டதாக ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

கீழைக்காற்று:

இதைவிட நல்ல கேள்வி இந்த இழையில் வரப்போவதில்லை என்று நினைக்கிறேன், நிலவறை அவர்களே. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாராயணராவ் கொல்லப்பட்டதும் நானா பட்னவிஸ் உள்ளிட்ட அமைச்சர்களும் தளபதிகளும் ஒன்றுகூடி, பாராபாய் என்று பெயர்பெற்ற அணியை அமைத்து, ரகுநாதராவ் படையெடுப்புக்காக வெளியே போயிருந்த நேரம் பார்த்து ஆட்சியைக் கைப்பற்றினார்கள். கருவுற்றிருந்த கங்காபாயைப் பாதுகாப்புக்காகப் புரந்தர் மலைக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1774 ஏப்ரல் 18 அன்று ஆண் குழந்தை பிறந்தது; பிறந்து நாற்பது நாளில் அந்தக் குழந்தைக்குப் பேஷ்வா பட்டம் கட்டினார்கள். பிறக்கப்போவது பெண்ணாக இருந்திருந்தால் மராட்டிய வரலாறு எந்தத் திசையில் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. கட்சி முழுவதும் ஒரு கர்ப்பத்தின் மேல் நின்றது.

அந்தப் பிள்ளை சனிவார் வாடாவில் வளர்ந்தது. ஊர்சுற்றி அவர்கள் சொன்ன வறண்ட தொட்டிகளில் பெரியதான ஹசாரி காரஞ்சே, பதினாறு இதழ்த் தாமரை வடிவிலான நீரூற்று. குழந்தைப் பேஷ்வாவின் மகிழ்ச்சிக்காகக் கட்டியது. விளையாட்டுப் பொருள்களுக்கும் வேட்டைக்கும் குறைவில்லை. அதிகாரம் மட்டும் அவர் கைக்கு வரவில்லை. நானா பட்னவிஸ் தம் மேற்பார்வையை ஒருநாளும் தளர்த்தியதில்லை. ரகுநாதராவின் மகன் இரண்டாம் பாஜிராவ் காவலில் இருந்தபடியே சவாய் மாதவராவோடு இரகசியமாகக் கடிதத் தொடர்பு கொண்டது தெரியவந்ததும் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. 1795 அக்டோபர் 25 அன்று இளைஞர் மாளிகையின் உயரத்திலிருந்து கீழே நீரூற்றின் பக்கம் விழுந்தார். இரண்டு நாள் கழித்து இறந்தார். காய்ச்சலின் மயக்கத்தில் தவறி விழுந்தாரா, தாமே குதித்தாரா என்பதில் இன்றுவரை இருதரப்பு உண்டு.

அவர் ஆவியாகாததற்கு என் விளக்கம், பழஞ்சுவடி அவர்களின் கருத்தையே சற்று வளைத்துப் பெற்றது. நாராயணராவின் குரலுக்குக் கூப்பிட ஓர் ஆள் இருந்தது. சவாய் மாதவராவ் யாரைக் கூப்பிடுவார்? அவரை அடைத்துவைத்த அதே நானாதான் அவர் பிறப்பதற்கு முன்பே அவருடைய உரிமைக்காகப் போராடியவர். ஆங்கிலேயரைத் தடுத்துநிறுத்திய மூளை என்று எல்லோரும் போற்றியவர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கதையைப் புனே விரும்பவில்லை. நாட்டார் கதைக்குக் கெட்டவன் தெளிவாக இருக்க வேண்டும். நல்லவனாகவும் கொடியவனாகவும் ஒரே நேரத்தில் இருப்பவரை வைத்துக்கொண்டு பேய்க்கதை சொல்ல முடியாது. மகனுடைய மரணத்துக்குக் காரணமானவர்களைச் சுட்டிக்காட்டுவது தந்தையின் கொலையாளிகளைச் சுட்டிக்காட்டுவதைவிடக் கடினம்.

மேலும், தந்தையைச் சிறுவனாக்கிய கதை, உண்மையிலேயே சிறுவனாக அரியணை ஏறிய மகனின் சாயலையும் அவர்மேல் ஏற்றிவிட்டதோ என்ற எண்ணமும் எனக்கு உண்டு. இருவரும் ஒரே மாளிகையில், இளமையில், இயல்பல்லாத முறையில் இறந்தவர்கள். வாய்மொழியில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கலாம். இது ஊகம் மட்டுமே.

பழஞ்சுவடி:

நல்ல ஊகம். இரண்டு மரணங்களுக்கும் இடையில் நடந்ததையும் ஒரு வரியில் விட்டுவிடக் கூடாது என்பதால் சேர்க்கிறேன்.

புனேவுக்கு ஆட்சியாளராகத் திரும்ப முடியாத ரகுநாதராவ் பம்பாய் ஆங்கிலேயரிடம் போய், 1775 மார்ச்சில் சூரத் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். பம்பாயை ஒட்டிய சால்செட்டையும் வசாயையும் தருவதாக ஒப்புக்கொண்டார். அதிலிருந்து முதல் ஆங்கிலேய மராட்டியப் போர் மூண்டது. 1779 ஜனவரியில் அவரை அழைத்துக்கொண்டு புனேவை நோக்கி வந்த ஆங்கிலப் படை, வட்காவ் அருகே வளைக்கப்பட்டு அவமானகரமான ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. 1782இல் சால்பாய் உடன்படிக்கையோடு போர் முடிந்தபோது ரகுநாதராவுக்கு மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை வகுத்தார்கள். மறு ஆண்டே கோபர்காவில் இறந்தார்.

கொலையின் உண்மையான ஆதாயம் அடுத்த தலைமுறைக்குத்தான் கிடைத்தது. வாரிசின்றி சவாய் மாதவராவ் இறந்ததால், ஓராண்டுக்கு மேல் நீண்ட பேரங்களுக்குப் பிறகு 1796 டிசம்பரில் பேஷ்வாவானவர் ரகுநாதராவ், ஆனந்திபாய் இணையரின் மகன் இரண்டாம் பாஜிராவ். தந்தை கைதியாக இருந்த அதே மாளிகையில் மகன் அரியணையில் அமர்ந்தார். 1802இன் கடைசி நாளில் வசாய் உடன்படிக்கையால் அரசின் சுதந்திரத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவரும் அவரே. 1817 நவம்பர் 17 அன்று சனிவார் வாடாவில் ஆங்கிலக் கொடி ஏறியது. அடுத்த ஜூனில் அவர் ஆங்கிலேய அதிகாரி ஜான் மால்கமிடம் சரணடைந்து, ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் உதவித்தொகையோடு கங்கைக்கரை பிட்டூருக்குப் போய்ச்சேர்ந்தார்.

நிலவறை:

கோட்டை எரிந்ததும் சாபத்தால்தான் என்று சொல்கிறார்களே, அதில் ஏதேனும் உண்டா?

ஊர்சுற்றி:

1828 பிப்ரவரி 27 அன்று தீப்பிடித்து ஏழு நாள் எரிந்தது. தீ எப்படி மூண்டது என்று எவரும் கண்டுபிடிக்கவில்லை. காரணம் தெரியாத இடத்தில் சாபம் புகுந்துகொள்வது இயல்புதான். ஆனால் ஏன் இவ்வளவு எரிந்தது என்பதற்குச் சாபம் தேவையில்லை. முதலாம் பாஜிராவ் 1730 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அடிக்கல் நாட்டி, இரண்டே ஆண்டில் புதுமனை புகுந்தார்; கட்டுவதற்கு 16,110 ரூபாய் ஆனதாகக் கணக்குச் சொல்வார்கள். பிற்காலத்தில் மாடிமேல் மாடியாக ஏழு நிலை வரை உயர்ந்ததாகக் கூறப்படும் அந்த மாளிகையின் அடித்தளம் கல். அதற்குமேல் செங்கல், தேக்குத் தூண்கள், தேக்கு உத்தரங்கள், செதுக்கிய மரக் கூரைகள். முழுவதும் கல்லால் கட்ட அரசருக்கு மட்டுமே உரிமை உண்டு, அமைச்சருக்குக் கிடையாது என்று சதாராத் தரப்பு எதிர்த்ததால்தான் செங்கல்லுக்கு மாறினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அது உண்மையோ பொய்யோ, விளைவு கண்முன்னே இருக்கிறது: கல் நின்றது, மரம் போனது. அந்த அளவு தேக்கில் தீ பிடித்தால் ஏழு நாள் எரியாமல் என்ன செய்யும்?

வைகறைவாசகி:

அடுத்த மாதம் குடும்பத்தோடு புனே போகிறோம். ஒன்பது வயதுப் பெண்ணும் பன்னிரண்டு வயதுப் பையனும் கூட வருகிறார்கள். பேய்க்கதையை அவர்கள் ஏற்கெனவே கைப்பேசியில் பார்த்துவிட்டார்கள். அதை மட்டும் எதிர்பார்த்துத்தான் வருவார்கள். உள்ளே எதைக் காட்டலாம், எங்கே தொடங்கலாம் என்று ஊர்சுற்றி அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊர்சுற்றி:

காலையில் போய்விடுங்கள், வெயில் ஏறினால் உள்ளே ஒதுங்க நிழல் குறைவு. மாலையில் வாயிலை அடைத்துவிடுவார்கள் என்பதால் பௌர்ணமிக் குரலைக் கேட்கும் திட்டம் எப்படியும் நடக்காது. தில்லி தர்வாசாவின் முட்களைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கட்டும். யானை எவ்வளவு உயரம் என்று அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். உள்ளே திரும்பியதும் மதில்மேல் ஏறப் படி இருக்கிறது. மேலே நின்று பார்த்தால்தான் தரையில் சிதறிக்கிடக்கும் கல் மேடைகள் அறைகளாகவும் முற்றங்களாகவும் கண்ணில் பொருந்திவரும். கீழே இறங்கித் தாமரை நீரூற்றைப் பார்த்துவிட்டு, சவாய் மாதவராவின் கதையை அங்கே சொல்லுங்கள். நாராயண் தர்வாசாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது தெற்குப் பக்கம் இருக்கிறது. வெளியே வந்து மதிலைச் சுற்றி நடந்தால் வெளிப்புறத்தையும் பார்க்கலாம்.

கீழைக்காற்று:

அங்கே நிற்கும்போது பையன் வயதைக் கேட்டால் 18 என்று சொல்லிவிடுங்கள், வைகறைவாசகி அவர்களே. சாபாஜி டிலேகரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தக் காணொளியிலும் அவர்கள் அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.